கோயில் பெயரில் போலி நன்கொடைத் தளம், சர்வர் அமெரிக்காவில்

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டக் கோயில். அதன் பெயரில் தைப்பூசத்துக்கு முன் ஒரு போலி .காம் தளம் முளைத்து, கும்பாபிஷேக நன்கொடை வசூலிக்கிறது. படங்கள் எல்லாம் எங்களுடையவை, கோபுரச் சாரத்தில் தொங்கும் நீலக் கித்தான் உட்பட. தளப் பெயர்களை யார் பதிந்தார்கள் என்று காட்டும் ஹூயிஸ் (Whois) பதிவேட்டில் உரிமையாளர் பெயர் மறைவு. 2018-இல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இதுதான் வழக்கம்.

போலீஸ் ரிப்போர்ட், எம்சிஎம்சி (மலேசியத் தகவல் தொடர்பு ஆணையம்) புகார் இரண்டும் கொடுத்தாயிற்று. இங்கே தளம் முடங்கியது. ஆனால் அது வெறும் டிஎன்எஸ் தடை, அதாவது தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் உள்ளூர் சேவையில் மட்டும் போட்ட தடை; போனில் அதற்குப் பதில் கூகுளின் 8.8.8.8 போட்டால் திறக்கிறது. சிங்கப்பூர் சொந்தங்களுக்குத் தடையே இல்லை, பணமும் அங்கிருந்துதான் போகிறது.

படங்களுக்காக அமெரிக்க சர்வர் நிறுவனத்துக்கு டிஎம்சிஏ (அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம்) நோட்டீஸ் அனுப்பினோம், பக்கம் இறங்கியது. எதிராளி உடனே எதிர்நோட்டீஸ் கொடுத்துவிட்டான். நாங்கள் வழக்குப் போடாவிட்டால் 10 முதல் 14 வேலை நாளில் திரும்ப ஏற்றிவிடுவார்கள். அமெரிக்க நீதிமன்றம் வரை போக கோயில் கமிட்டியிடம் ஏது காசு?

மிச்சம் யுடிஆர்பி (UDRP), அதாவது தளப் பெயர்த் தகராறுகளை நீதிமன்றம் போகாமல் நடுவர் தீர்க்கும் முறை. வைபோவில் (WIPO, உலக அறிவுசார் சொத்து அமைப்பு) ஒரே நடுவர் என்றால் 1,500 அமெரிக்க டாலர். வணிகச்சின்ன உரிமையும் காட்ட வேண்டும்; கோயில் பெயர் அப்படிப் பதிவாகவில்லை. கையில் இருப்பது சங்கப் பதிவுச் சான்றிதழ், பழைய ரசீதுப் புத்தகங்கள், திருவிழா நோட்டீஸ்கள்.

பதிவில்லாத பெயருக்கு இத்தகைய ஆவணங்களை வைத்து யுடிஆர்பியில் வென்றவர்கள் யாராவது இருக்கிறீர்களா?