புதுப்பிப்பு: தொங்குற தோலோட ஓடுறது பத்தி கேட்டிருந்தேன்ல

வெயிட் நிறைய குறைஞ்சப்புறம் வயிறு, தொடையில தோல் தொங்குது, ஓடினா குலுங்கி வலிக்குது, உரசி புண்ணாகுதுன்னு போன தடவ எழுதியிருந்தேன். இப்ப சாயங்காலம் வண்டி விடாத நேரமா பாத்து பாண்டி பீச் ரோட்ல நல்லாவே ஓடுறேன்.

பெரிய மாற்றம் கம்ப்ரஷன் டைட்ஸ்தான் (உடம்போட இறுக்கி ஒட்டுற பேன்ட்), தொப்புளுக்கு மேல வரைக்கும் ஏறி தோலை மொத்தமா அணைச்சு பிடிக்கணும் ஆனா மூச்சு முட்டக் கூடாது, கடையிலயே குனிஞ்சு உக்காந்து பாத்து வாங்குங்க. காட்டன் வேணவே வேணாம், நம்ம ஊர் புழுக்கத்துல வேர்வைய குடிச்சுக்கிட்டு ஈரமாவே உரசும். கெளம்புறதுக்கு முன்னாடி தொடை இடுக்குல கொஞ்சம் வாசலின்.

வந்ததும் குளிச்சுட்டு மடிப்புக்குள்ள தேய்க்காம ஒத்தி ஒத்தி காய வைங்க, இதை மட்டும் விட்டுடாதீங்க, ஈரம் தங்குனா ஃபங்கஸ் வந்துடும். சிவந்து எரிஞ்சு வாடை வந்தா பவுடர் போட்டு சமாளிக்காம ஸ்கின் டாக்டர பாருங்க.

குலுங்குறது தாங்கலன்னா சைக்கிள், நீச்சல். வெயிட் தூக்குனா தசை கொஞ்சம் நிரம்பும், ஆனா ரொம்ப விரிஞ்ச தோல் எக்சர்சைஸால மட்டும் முழுசா சுருங்காது, சுருங்கும்னு சொல்லி க்ரீம் விக்கிறவங்க மேல எனக்கு நிஜமாவே கோவம் வருது.

டைட்ஸ் சைஸ் பத்தி சந்தேகம்னா கேளுங்க, சொல்றேன்.