புதுப்பிப்பு: சபையில் என்னை அவமானப்படுத்திய அண்ணனிடம் பேசிவிட்டேன்

போன வாரம் எழுதியிருந்தேன்: தாராவியில் எங்கள் கிறிஸ்தவ சபையின் அறுப்பின் பண்டிகை (அறுவடைக்கு நன்றி சொல்லும் விழா) கணக்கை நான் வாசித்தபோது ஒரு அண்ணன் எல்லார் முன்னாலும் "இதில் உன் பைக்கு எவ்வளவு போச்சு?" என்று கேட்டுவிட்டார், இனி அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று. பலரும் மன்னித்து மறந்துவிடச் சொன்னீர்கள். ஆனால் பைபிளில் மத்தேயு 18:15 பேசாமல் இருக்கச் சொல்லவில்லை, நீயும் அவனும் தனித்திருக்கையில் அவன் குற்றத்தை உணர்த்து என்கிறது. நானோ அதற்குள் நாலு பேரிடம் புலம்பியிருந்தேன், அது என் தப்பு. சரி, நேற்று 90 அடி ரோடு டீக்கடையில் தனியாகப் பார்த்து, "அண்ணே, அந்த வார்த்தை ரொம்ப வலிச்சுது" என்றேன். முதலில் மழுப்பினார். அப்புறம் நான் காட்டிய கணக்கு ரசீதுகளைப் புரட்டிவிட்டு, "தப்புதான் தம்பி, ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன்" என்றார். மன்னித்துவிட்டேன், வலி இன்னும் இருக்கிறது. அந்த நாலு பேரிடமும் இனி நான்தான் போய்ப் பேச வேண்டும்.