புதுப்பிப்பு: 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் சேனல் 3 வேண்டாம்

பக்கத்து வைஃபைகளின் இடையூறைக் குறைக்க, 1-க்கும் 6-க்கும் நடுவே காலியாகத் தெரியும் சேனல் 3-ஐப் போடலாம் என்று முன்பு இந்த இழையில் எழுதியிருந்தேன். அது தவறு, திருத்திக்கொள்ளுங்கள்.

சேனல்களுக்கு இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ். சிக்னலின் அகலமோ 20. அதனால் சேனல் 3-இன் சிக்னல் 1, 6 இரண்டின் மீதும் ஏறிவிடும். ஒரே சேனல் என்றால், பக்கத்து ரவுட்டரின் தொடக்கக் குறியை -82 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அலகு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க பலம் அதிகம்) என்ற மெல்லிய அளவிலேயே அடையாளம் கண்டு நம்முடையது காத்திருக்கும். சேனல் 3-இல் உள்ள நம் ரவுட்டருக்கோ, 1-இலும் 6-இலும் இருக்கும் பக்கத்து சிக்னல் வெறும் இரைச்சல். அது -62-ஐத் தாண்டினால்தான் நம்முடையது காத்திருக்கும். இடைப்பட்ட 20 டெசிபலில் இரண்டும் ஒரே நேரத்தில் பேசி, பாக்கெட்டுகள் உடைந்து, திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டிவரும். சிக்னல் கோடுகள் முழுதாக இருந்தும் வேகம் படுத்துவிடுவது இப்படித்தான்.

1, 6, 11 மட்டும் போடுங்கள், அகலம் 20. நெரிசல் இருந்தாலும் முறை வைத்துப் பகிர்வதே மேல். ரவுட்டர் பவரையும் குறையுங்கள். ஃபோனின் பதில் எட்டாத தூரத்துக்கு ரவுட்டர் மட்டும் கத்திப் பயனில்லை.