ரெசின் பேனா கடையும்போது ஓரம் பெயர்கிறது

கேள்வி (காவேரிப்பட்டணம்): அப்பாவின் கடைசல் பட்டறையில் பூரிக்கட்டையும் பம்பரமும் கடைந்து பழகியவன் நான். இப்போது மகளுக்காக, நீலமும் வெள்ளையும் கலந்த பாலியெஸ்டர் ரெசின் (பிளாஸ்டிக் போல இறுகும் பிசின்) கட்டையில் பேனா கடைகிறேன். மரம் என்றால் சுருள் சுருளாக வரும். இது சில்லு சில்லாகத் தெறிக்கிறது. நேற்று முக்கால்வாசி முடிந்தபின் ஓரம் பெயர்ந்துவிட்டது. மனசே ஆறவில்லை.

பதில் (தருமபுரி): தம்பி, பாலியெஸ்டர் நொறுங்கும் ரகம். உளியை அடிக்கடி தீட்டுங்க, மயிரிழை மயிரிழையா எடுங்க. பேனாவோட பித்தளைக் குழாய் உள்ளே நுழையற 7 மி.மீ. துளையைப் போடும்போது டிரில் பிட்டை வெளியே எடுத்து எடுத்துத் தூளைத் தட்டணும். சூடேறினா உள்ளேயே விரிசல் விடும். முக்கியமா, கட்டையைக் கொஞ்சம் நீளமா வைங்க. பிட் மறுபக்கம் வெளியே வர்றதுக்கு முன்னாடியே நிறுத்தி, அந்த நுனியை அறுத்துடுங்க. பெரும்பாலும் அங்கேதான் பெயரும்.

பதில் (பர்கூர்): எங்க ஊர்ல கிரானைட்டுக்குத் தண்ணி விட்டுத்தான் பாலிஷ். இதுக்கும் அப்படியே: 400 நம்பர் உப்புத்தாள்ல ஆரம்பிச்சு 2000 வரை தண்ணி தொட்டுத் தேய்ங்க. தாள் மாத்தும்போதெல்லாம் லேத்தை நிறுத்தி நீளவாக்கில் ஒரு தேய்ப்பு, வளையக் கீறல் போயிடும். வெள்ளைப் பகுதியில் பித்தளைக் குழாய் மஞ்சளாத் தெரியும். குழாய்க்கு வெள்ளை பெயிண்ட் அடிச்சு ஒட்டுங்க.

கேட்டவர்: உடைந்த துண்டைப் பார்த்தேன் அண்ணா. துளை வெளியே வந்த முனையில்தான் விரிசல். இன்னொரு கட்டை இருக்கிறது, நாளைக் காலை நீளமாக அறுத்துத் தொடங்குகிறேன்.