பைலட் ஹோல்: முன்துளையா, வழித்துளையா?

க.:
நண்பர்களே, வீட்டிலேயே விமானம் கட்டுவோருக்கான தகட்டுவேலைக் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை மாணவர் கையில் இருக்க வேண்டும். ‘பைலட் ஹோல்’ மட்டும் இழுக்கிறது. வரைவில் ஒருவர் ‘விமானித் துளை’ என்று எழுதிவிட்டார்.

1/8 அங்குல ரிவெட்டுக்கு (தகடுகளை இணைக்கும் தறையாணி) முதலில் 40-ஆம் எண் பிட்டால் (துளையிடும் அலகு) சிறு துளை. அதுதான் பைலட் ஹோல். அதில் கிளீகோ என்னும் தற்காலிகக் கவ்வியைச் செருகி அலுமினியத் தகட்டையும் சட்டத்தையும் பிணைத்தபின், இரண்டையும் ஒருசேரச் சற்றுப் பெரிய 30-ஆம் எண் பிட்டால் அகலப்படுத்துவார்கள். ‘முன்துளை’ போதுமா?

செ.:
முற்பகல், முற்காலம் போலப் புணர்ந்தால் ‘முற்றுளை’ ஆகும் ஐயா. காதுக்கு அது முற்றுப்பெற்ற துளை! பொருளே தலைகீழ். புணர்ச்சி தாங்காத சொல்லை ஏன் ஆக்க வேண்டும்?

‘தமர்’ என்றொரு சொல் அகராதியில் உண்டு: கருவியால் இட்ட துளை. தச்சரின் துளைக்கருவி தமரூசி. ‘சிறுதமர்’ என்போமே.

ம.:
தமர் என்றால் சுற்றத்தார் என்றுதான் படித்தவர்க்கே தோன்றும். நமன் தமர், அதாவது எமதூதர், நினைவுக்கு வரும். விமானக் கையேட்டில் வேண்டாம் ஐயா.

பட்டறைக்காரனாக என் கவலை வேறு. இறக்கையில் முன் ஸ்பார், பின் ஸ்பார் என்று இரண்டு நெடுஞ்சட்டங்கள் உண்டு. ‘முன் ஸ்பாரின் முன்துளை’ என்றால் பையன் எங்கே துளைப்பான்? இந்தச் சிறு துளைதான் அடுத்த பிட்டுக்கு வழிகாட்டுகிறது. ‘வழித்துளை’ என்போம்.

கையேட்டில் இதையும் சேருங்கள்: இடம் குறிக்க ஊசியால் கீறக் கூடாது. நுண்முனை மார்க்கர்தான். கீறிய கோட்டிலிருந்தே பின்னால் விரிசல் ஓடும். பிட் வழுக்காதிருக்க, சென்டர் பஞ்ச் என்னும் கூர்முனைக் கருவியை வைத்து ஒரு தட்டு; சிறு குழி விழும். அந்தக் குழிக்கும் பெயரில்லை.

வ.:
‘புள்ளிக்குழி’? பைலட் ஹோலுக்கு என் வாக்கு ‘வெள்ளோட்டத் துளை’.

ம.:
வெள்ளோட்டம் சோதித்துப் பார்ப்பது அம்மா. இது சோதனை இல்லை, வேலையின் முதல் படி. புள்ளிக்குழி நன்று.

க.:
நேரமில்லை. ம. சொன்ன ‘வழித்துளை’யையே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘வழித்துளை, அதாவது பைலட் ஹோல்’ என்றிருக்கும்.

செ.:
போடுங்கள். என் மறுப்பும் பதிவில் இருக்கட்டும். புழு அரித்ததும் துளை, மூங்கிலில் வண்டு குடைந்ததும் துளை. அளந்து, குறித்து, கருவி பிடித்து மனிதன் இட்டதற்கென்றே நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. ‘தமர்’ என்னும் அதை இன்னொரு தலைமுறையும் காணாமலே கடந்துவிடும்.