தடுப்பேற்பியா, தணிப்பேற்பியா?

வணக்கம். எதிர்ப்பு உயிரணுவின் கிளர்வை அடக்கும் ஏற்பிக்கு (inhibitory receptor; ஏற்பி என்பது சைகையை ஏற்கும் மூலக்கூறு) தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதே பேச்சு. நீங்கள் எழுதியது:

> "தடுப்பேற்பி" என்றே வைத்துக்கொள்ளலாமே, எளிதாக இருக்கிறது.

எளிதுதான். ஆனால் நோயெதிர்ப்பியலில் 'தடுப்பு' ஏற்கெனவே நோயை எதிர்க்கும் பக்கம் சேர்ந்துவிட்டது. தடுப்பூசி, தடுப்பாற்றல் எல்லாமே நோயைத் தடுப்பவை. தடுப்பேற்பியையும் அந்த வரிசையில்தான் மாணவர் சேர்த்துக்கொள்வார். இந்த ஏற்பி அடக்குவதோ நம் எதிர்ப்பு உயிரணுவையே!

வேலையைப் பார்த்துப் பெயர் வைப்போம். இந்த ஏற்பிகள் பலவற்றின் உட்பக்க வாலில் டைரோசின் கொண்ட சிறு அமினோ அமில வரிசை உண்டு. ஏற்பியோடு அதற்குரிய மூலக்கூறு பிணைந்ததும் அந்த டைரோசினில் பாஸ்பேட் ஏறும். அதைப் பற்றிக்கொண்டு எஸ்.எச்.பி.-1 போன்ற நொதிகள் வந்து சேரும். கிளர்வுச் சைகை ஏற்றிவைத்த பாஸ்பேட்டுகளை இவை கழற்றிவிடும். ஆக, கிளம்பிய சைகை உள்ளேயே தணிகிறது. கிளர்வு எவ்வளவு, தணிப்பு எவ்வளவு என்ற கூட்டல் கழித்தலில்தான் உயிரணு பாய்வதும் அடங்குவதும். இயற்கைக் கொல்லி உயிரணு நலமான உயிரணுவை விட்டுவிடுவதும் இப்படித்தான். நலமான உயிரணுவின் மேல் 'நம்முடையது' என்று அடையாளம் காட்டும் முதல் வகை எம்.எச்.சி. (MHC class I) மூலக்கூறு, கொல்லியில் தணிப்பைத் தூண்டுகிறது. நச்சுயிரி தொற்றியோ புற்றாகியோ அந்த மூலக்கூறு குறைந்தால் தணிப்பும் குறையும், கொல்லி தாக்கும்.

எனவே 'தணிப்பேற்பி'. இணையாக, கிளர்வுச் சைகை தரும் ஏற்பிக்குக் 'கிளர்வேற்பி'. 'ஒடுக்கேற்பி' வேண்டாம், ஒடுக்கத்தை (reduction) வேதியியலார் எடுத்துக்கொண்டார்கள்.

பி.டி.-1 (PD-1), சி.டி.எல்.ஏ.-4 (CTLA-4) ஆகிய தணிப்பேற்பிகளை மறிக்கும் புற்றுநோய் மருந்துகளுக்கும் பெயர் வேண்டுமே (ஆலிசனும் ஹோஞ்சோவும் 2018 நோபல் பெற்றது இந்த வழியைத் திறந்ததற்குத்தான்). உங்கள் சொல்லின்படி போனால் 'தடுப்பேற்பித் தடுப்பி'. நாக்கு சுளுக்கிக்கொள்ளும். 'தணிப்பு மறிப்பி' எனலாம்.

——— இதற்கு வந்த மறுமொழி:

> கிளம்பிய சைகை உள்ளேயே தணிகிறது.

சி.டி.எல்.ஏ.-4 இதற்குள் முழுதாக அடங்காதே, ஐயா. கிளர்வுக்குத் துணைநிற்கும் சி.டி.28 என்ற ஏற்பி பற்ற வேண்டிய சி.டி.80, சி.டி.86 மூலக்கூறுகளை அது இன்னும் இறுக்கமாகப் பற்றித் தன்வசமாக்கிக்கொள்கிறது. துணைச் சைகை கிளம்பவே வழியில்லை, அது மறிப்புதானே? ஆனாலும் கிளர்வு தணிவதே விளைவு என்பதால் தணிப்பேற்பிக்கு என் வாக்கு உண்டு. மருந்தின் பெயரில் 'மறிப்பி' வேண்டுமா என்பதை மட்டும் இன்னொரு முறை பேசுவோம்.