போ ஜாக்சனுக்குப் பறிபோன கல்லூரி விளையாட்டுத் தகுதி கைலர் மர்ரிக்கு ஏன் பறிபோகவில்லை?

கேள்வி:
ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து, பேஸ்பால், தடகளம் என மூன்றிலும் இறங்கியவர் போ ஜாக்சன். 1985-ல், கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கினார். ஆனால் 1986-ல் ஒரே ஒரு விமானப் பயணத்தால் அவருடைய கல்லூரி பேஸ்பால் சீசன் பாதியில் முடிந்தது. ஓக்லஹோமாவின் கைலர் மர்ரியோ 2018-ல் ஓக்லாந்து அத்லெடிக்ஸ் என்ற தொழில்முறை பேஸ்பால் அணியோடு 46.6 லட்சம் டாலருக்குக் கையெழுத்துப் போட்ட கையோடு கல்லூரிக் கால்பந்தும் ஆடி, அதே கோப்பையை வாங்கினார். நடுவில் விதி மாறிவிட்டதா?

பதில் 1:
மர்ரி செய்ததைத் தேசிய விதி ஜாக்சன் காலத்திலேயே அனுமதித்தது. ஒரு விளையாட்டில் சம்பளம் வாங்குகிறவர் இன்னொன்றில் கல்லூரிக்கு ஆடலாம் என்பது, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் நிலைப்பாடு. 1982 கோடையில் ஜான் எல்வே யாங்கீஸ் பேஸ்பால் அணியின் கீழ்நிலை அணிக்குச் சம்பளத்துக்கு ஆடிவிட்டு, இலையுதிர் காலத்தில் ஸ்டான்ஃபோர்டுக்குக் கால்பந்து ஆடினாரே.

ஜாக்சனைப் பிடித்தது ஆபர்ன் இருந்த தென்கிழக்கு கான்ஃபரன்ஸின் (கல்லூரிகளின் வட்டாரக் கூட்டமைப்பு) சொந்த விதி. அது கூடுதல் கெடுபிடி: ஒன்றில் தொழில்முறை என்றால் எல்லாவற்றிலும் தகுதி போச்சு. தொழில்முறைக் கால்பந்து அணியான டாம்பா பே பக்கனீர்ஸ் அவரை மருத்துவப் பரிசோதனைக்காகத் தனி விமானத்தில் கூட்டிப்போனது. அணியின் செலவில் போன அந்தப் பயணமே போதுமானதாக இருந்தது. அனுமதி வாங்கிவிட்டதாக அணித்தரப்பு தன்னிடம் சொன்னது என்பது ஜாக்சனின் வாதம். அந்தக் கோபத்தில்தான், ட்ராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) முதல் ஆளாக எடுத்த பக்கனீர்ஸை உதறிவிட்டு, பேஸ்பால் ட்ராஃப்டில் நான்காம் சுற்றில் எடுத்த கன்சாஸ் சிட்டி ராயல்ஸுக்குப் பேஸ்பால் ஆடப் போனார். 1987-ல் ரெய்டர்ஸ் கால்பந்து அணி அவரை ஏழாம் சுற்றில், 183-ஆவது ஆளாக எடுத்தது.

பதில் 2:
விதியை விடவும் நாள்காட்டிதான் பெரிய சிக்கல். பேஸ்பால் சீசன் பிப்ரவரி நடுவில் தொடங்கி ஜூன் வரை போகும். கால்பந்தின் வசந்தகாலப் பயிற்சி, அந்த 15 அமர்வுகள், சரியாக அதற்குள் வந்து விழும். சீசனில் பயிற்சிக்கு நாளுக்கு 4 மணி, வாரத்துக்கு 20 மணி, ஒருநாள் கட்டாய ஓய்வு என்று உச்சவரம்பு உண்டு. ஆனால் போட்டி நாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணி என்றுதான் கணக்கு. பயணமும் பிசியோ சிகிச்சையும் கணக்கிலேயே வராது. இரண்டு அணிகளில் இருக்கும் மாணவனுக்குக் காகிதத்தில் உள்ளதற்கும் உடம்பு படுவதற்கும் சம்பந்தமே இருக்காது.

முதலில் அடிவாங்குவது பேட்டிங். மணிக்கு 90 மைல் வேகத்தில் எறியப்படும் பந்து பேட்டரை அடைய ஏறக்குறைய 0.4 விநாடி, அதற்குள் முடிவெடுக்கிற கண் ஆயிரக்கணக்கான பந்துகளைப் பார்த்தால்தான் வரும், வெயிட் ரூமில் வராது. 1940-ல், பின்னாளில் பேஸ்பாலில் புகழ்பெற்ற ஜாக்கி ராபின்சன் என்.சி.ஏ.ஏ. நீளம் தாண்டுதலில் சாம்பியன். அதே ஆண்டு யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக பேஸ்பாலில் அவர் பேட்டிங் சராசரி .097, அதாவது பத்து முறையில் ஒருமுறைகூட ஒழுங்காக அடிக்கவில்லை! ஜாக்சனே 1989-ல் 32 ஹோம் ரன் அடித்தாலும் 172 முறை பந்தை அடிக்க முடியாமல் ஸ்ட்ரைக் அவுட் ஆனார்.

இன்னொன்று கவனித்தீர்களா? ஜாக்சன், எல்வே, மர்ரி மூவருமே பேஸ்பாலில் அவுட்ஃபீல்டர்கள் (மைதானத்தின் வெளிப்புறத்தில் ஃபீல்டிங் செய்பவர்கள்). கால்பந்தில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்காக எறிகிற கையாலேயே பேஸ்பாலில் பிட்சிங்கும் (பேட்டருக்குப் பந்து எறிவது) செய்தால் தோளுக்கு ஓய்வே கிடைக்காது. அவுட்ஃபீல்டில் ஓட்டம் அதிகம், எறிதல் குறைவு.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியென்றால் இப்போது ஒரு மாணவர் பேஸ்பாலுக்கு மட்டும் ஏஜென்ட் வைத்துக்கொண்டு கால்பந்தைத் தொடர முடியுமா?

பதில் 3:
முடியும், ஆனால் ஒப்பந்தத்தின் வாசகத்தில் கவனம் தேவை. ‘இந்த ஒப்பந்தம் பேஸ்பாலுக்கு மட்டும்’ என்று எழுத்தில் இல்லையென்றால், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்தே கையெழுத்திட்டதாக என்.சி.ஏ.ஏ. எடுத்துக்கொள்ளும், அத்தனையிலும் தகுதி போகும். வாயால் சொன்னது செல்லாது. கையெழுத்துக்கு முன் விதிகளைக் கண்காணிக்கும் கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் வரைவைக் காட்டி, கான்ஃபரன்ஸ் விதியையும் தனியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

கையெழுத்துக்காகத் தரும் போனஸ் பணத்தையும் உடனே செலவழிக்கக் கூடாது. 2019 பிப்ரவரியில் கால்பந்தே என்று முடிவெடுத்த மர்ரி, கைக்கு வந்திருந்த 15 லட்சம் டாலரில் 12.9 லட்சத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.